மச்சானின் வண்டியும் பழுப்புத் தூளும்

என் மனைவியின் அண்ணன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனபோது, தன் வண்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஏழு பேர் உட்காரக்கூடிய டீசல் எஸ்.யூ.வி. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் சந்துக்குள் அதைத் திருப்பவே நாலு முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது.

“சும்மா நிறுத்தி வெச்சா வண்டி கெட்டுடும் மாப்ள. நீங்களே ஓட்டுங்க. அம்மாவ சர்ச்சுக்கு, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க,” என்றார்.

நான் பள்ளியில் கணக்கு வாத்தியார். அதுவரை ஸ்கூட்டர் மட்டுமே வைத்திருந்தவன். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுவது, உண்மையைச் சொன்னால், எனக்குப் பிடித்திருந்தது.

முதல் வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டாம் வருடம் மழை ஆரம்பித்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்தபோது கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்திருந்தது. இஞ்சின் கொதிக்காமல் பார்த்துக்கொள்ளும் பச்சைத் திரவம் அது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. குழாய்த் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டேன். மறு ஞாயிறு பார்த்தால் மறுபடியும் குறைந்திருந்தது. மனைவியின் நகப்பூச்சை எடுத்துவந்து டப்பாவின் மேல் ஒரு கோடு போட்டேன். அடுத்த வாரம் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது.

இப்படியே நாலு மாதம் தண்ணீர் ஊற்றினேன். மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. காட்டினால் ஏதாவது பெரிதாகச் சொல்லிவிடுவார்கள், அதை மச்சானிடம் சொல்ல வேண்டிவரும். இரவல் வண்டியைக் கெடுத்துவிட்டேன் என்று நானே போய்ச் சொல்வதா? தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஒரு காலை, மாமியாரை முட்டி வலிக்காக யெலஹங்காவில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஹெப்பாள் மேம்பாலத்தில் வண்டிகள் ஒன்றையொன்று உரசாத குறையாக நின்றன. பின் சீட்டிலிருந்து மாமியார், “என்ன மாப்ள, வெல்லப் பாகு காய்ச்சுற மாதிரி வாசன வருது?” என்று கேட்டார். வெப்பமானியைப் பார்த்தேன். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அங்கேயே இஞ்சினை அணைத்திருக்க வேண்டும். பின்னால் ஹாரன் சத்தம், பக்கத்தில் ஒதுங்க இடமில்லை. பாலம் முடியட்டும் என்று இன்னும் அரை கிலோமீட்டர் ஓட்டினேன். இறங்கி ஓரம் கட்டுவதற்குள் பானெட்டின் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஆவி கிளம்பியது. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர், “ஆஃப் மாடி சார், ஆஃப் மாடி!” என்று இஞ்சினை அணைக்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்திக்கொண்டே ஓடிவந்தார். நான் பதற்றத்தில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். “முட்ட பேடி! தொடாதீங்க!” என்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்திருக்காவிட்டால் என் முகம் வெந்திருக்கும். அவரே ஒரு ஆட்டோவை நிறுத்தி மாமியாரை ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்.

வண்டியைக் கட்டி இழுத்துப்போன இடம் ஒரு பெரிய சர்வீஸ் கடை. கண்ணாடி அறைக்குள்ளிருந்தவர் வெளியே வந்து பானெட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “இஞ்சின் போயிடுச்சு சார். வேற இஞ்சின்தான் மாத்தணும்,” என்றார். அதோடு உள்ளே போய்விட்டார்.

அடுத்த சில நாட்கள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வகுப்பில் கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டு அதற்கு விடை என்ன என்பதை மறந்து நின்றேன். டிசம்பரில் மச்சான் விடுமுறைக்கு வருகிறார். வந்ததும் முதலில் வண்டியைத்தான் கேட்பார்.

பள்ளியில் உடன் வேலை செய்யும் ஆசிரியை ஒருவர்தான் டேனரி ரோட்டில் இருக்கும் ஒரு மெக்கானிக்கைச் சொன்னார். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். அறுபது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

“இஞ்சின் போச்சுன்னு சொன்னாங்களே, தொறந்து பாத்தாங்களா?”

“இல்ல பாய்.”

“தொறக்காமலே சொல்லிட்டாங்களா? பெரிய டாக்டர்தான். டென்ஷன் நக்கோ சார், கவலப்படாதீங்க, வண்டிய கொண்டாங்க.”

அவர் முதலில் ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்பை மாட்டிக் காற்றடித்தார். பம்பின் முள் மெதுவாக இறங்கியது, ஆனால் எங்கேயும் ஒழுகவில்லை. “வெளிய போகல. உள்ள போகுது,” என்றார். பிறகு நீலத் திரவம் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குழாயை அதே வாயில் பொருத்தி இஞ்சினை ஓடவிட்டார். கொஞ்ச நேரத்தில் நீலம் மஞ்சளாகிவிட்டது.

“பாத்தீங்களா? சிலிண்டர் பொகை தண்ணில கலக்குது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கு.”

எனக்குப் புரியவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. “வீட்ல குக்கர் இருக்கு இல்ல? மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவுல ரப்பர் போனா என்ன ஆகும்? விசில் வராது, பக்கத்துல ஆவி போகும். அதே கதை. இஞ்சினுக்கு மேல் மூடி ஹெட். நடுவுல இருக்குற தகடு போயிடுச்சு. தகடு மாத்திடலாம். ஆனா சூட்டுல ஹெட்டு வளைஞ்சிருந்தா, விரிசல் விட்டிருந்தா, அது வேற விஷயம். தொறந்தாதான் தெரியும்.”

பாலத்தின் மேல் ஓட்டிய அந்த அரை கிலோமீட்டர் நினைவுக்கு வந்தது.

இரண்டு நாள் கழித்து பாய் என்னை வரச்சொன்னார். ஹெட்டைக் கழற்றி வைத்திருந்தார். ரேடியேட்டரின் அடியிலிருந்து சுரண்டி எடுத்த எதையோ உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஈரமான செங்கல் பொடி போல் பழுப்பாக இருந்தது.

“இது எப்ப ஊத்துனீங்க சார்?”

“நான் தண்ணி மட்டும்தான் ஊத்துனேன் பாய்.”

“இது லீக் அடைக்கிற பவுடர். புதுசு இல்ல, கல்லா கெட்டியாயிருக்கு. ரெண்டு மூணு வருஷம் இருக்கும்.”

எனக்கு முன் அந்த வண்டியை ஓட்டியவர் மச்சான் ஒருவர்தான். ஒரு நொடி எனக்குள் சந்தோஷம் பொங்கியதை இங்கே மறைக்க விரும்பவில்லை. குற்றம் என்னுடையது மட்டும் இல்லை! உடனே கோபம் வந்தது. தெரிந்தேதான் என் தலையில் கட்டிவிட்டுப் போனாரா?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டினேன். அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். கடைசியில், “அண்ணன் ஊத்துனாரோ இல்லியோ, நீங்க நாலு மாசம் யார்கிட்டயும் சொல்லாம தண்ணி ஊத்துனீங்க இல்ல? அத மொதல்ல சொல்லுங்க. பவுடரப் பத்திக் கேக்காதீங்க,” என்றாள்.

வெள்ளிக்கிழமை மச்சானுக்கு விடுமுறை. மதியம் வீடியோ அழைப்பில் பேசினேன். டப்பாவில் அளவு குறைந்தது, நான் மறைத்தது, பாலத்தில் நிறுத்தாமல் ஓட்டியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். தூளைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அவர் முதலில் கேட்டது, “அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலியே?” என்றுதான்.

“இல்ல மச்சான். ஆட்டோல பத்திரமா வீட்டுக்குப் போயிட்டாங்க.”

திரையில் அவர் முகம் அப்படியே நின்றது. நெட்வொர்க் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“மாப்ள, நான் ஒண்ணு சொல்லணும். போறதுக்கு முன்னாடி நாங்க ஏற்காடு போயிருந்தோமே, அப்ப மல மேல வண்டி ஒரு தடவ சூடாயிடுச்சு. வழில ஒரு கடக்காரன் பவுடர் குடுத்தான், ஊத்துனேன். லீக் நின்னுடுச்சு. சரியாப் போச்சுன்னு விட்டுட்டேன்.”

நான் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

“சாவி குடுக்குறப்ப சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க பயந்துட்டு வண்டியத் தொட மாட்டீங்க. அம்மாவால பஸ்ல ஏற முடியாது. அதான் வாய மூடிட்டு இருந்தேன். உங்க மேல தப்பு இல்ல மாப்ள.”

“என் மேலயும் இருக்கு மச்சான்.”

“சரி, பாதிப் பாதி,” என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சமையலறையிலிருந்து என் மனைவியும் சிரிப்பது கேட்டது. அவ்வளவு நாள் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அந்த மதியமே இறங்கிவிட்டது. ஹெட் எப்படி இருக்கிறது என்பது மட்டும்தான் பாக்கி.

மறுநாள் காலை ஹெட்டைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டு பாயும் நானும் பீன்யாவுக்குப் போனோம். ஒரு சின்ன லேத் பட்டறை. இயந்திரத்தின் முன் நின்றவர் நாற்பது வயதுள்ள ஒரு அம்மா. சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருந்தார். ஸ்ரீராம்புரத்திலிருந்து தினமும் வருகிறாராம். பாய் அவரிடம், “அக்கா, சார் ஸ்கூல் வாத்தியார், ரொம்ப பயந்திருக்காரு, மொதல்ல இவரோடத பாருங்க,” என்றார்.

அவர் ஹெட்டின் அடிப்பக்கத்தைத் துடைத்து, அதன் குறுக்கே ஒரு எஃகுப் பட்டையை வைத்தார். காகிதத்தைவிட மெல்லிய ஒரு அளவுத் தகட்டை இடுக்கில் நுழைத்துப் பார்த்தார்.

“நடுவுல ஸ்வல்பம் எறங்கியிருக்கு. பரவால்ல, ஒரு தடவ தேச்சா நேராயிடும். விரிசல்தான் பாக்கணும்.”

ஹெட்டின் துளைகளையெல்லாம் அடைத்து, சுடுநீர்த் தொட்டிக்குள் இறக்கி, உள்ளே காற்றைச் செலுத்தினார். விரிசல் இருந்தால் அங்கிருந்து குமிழி வரும். மூன்று பேரும் தொட்டியின் மேல் குனிந்து நின்றோம். தண்ணீர் அமைதியானது. அப்போது ஓரமாக ஒரு குமிழி கிளம்பி மேலே வந்து உடைந்தது.

பாய் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னும் குனிந்தார். அந்த அம்மா ஒரு நீளக் கம்பியால் அந்த மூலையைத் துடைத்துவிட்டார். இன்னும் இரண்டு குமிழிகள் வந்தன. பிறகு வரவில்லை. அவர் காற்றைக் கூட்டினார். ஒன்றும் வரவில்லை. ஹெட்டைத் திருப்பி வைத்து மறுபடி பார்த்தார்.

“அது மூலைல மாட்டியிருந்த காத்து சார். விரிசல் ஒண்ணும் இல்ல. ஹெட் கெட்டியா இருக்கு.”

அங்கே கிடந்த ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “ஹெட்டுக்கே இப்படின்னா பிள்ளைங்க பரீட்சைக்கு என்ன பண்ணுவீங்க?” என்றார்.

ஹெட்டைத் தேய்த்து நேராக்கி வாங்கியதும், பாய் புதுத் தகடும் புதுப் போல்ட்டுகளும் வாங்கிவந்தார். போல்ட்டை முறுக்கும்போது மட்டும் யாரையும் பேசவிடவில்லை. நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, மறுபடி முதலிலிருந்து. ரேடியேட்டரையும் மாற்றிவிட்டார். பழையதில் பாதிக் குழாய்கள் அந்தத் தூளால் அடைபட்டிருந்தன. கூலன்ட் ஊற்றி, உள்ளே தங்கிய காற்றெல்லாம் வெளியேறும்வரை இஞ்சினை ஓடவிட்டார். பிறகு என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அதே மேம்பாலம், அதே நெரிசல். முள் பாதிக்குக் கீழேயே நின்றது. நான் சாலையைவிட அதிகமாக அதைத்தான் பார்த்தேன்.

“முன்னாடி பாத்து ஓட்டுங்க சார்,” என்றார் பாய். “அப்பறம் ஒண்ணு. தண்ணி கொறஞ்சா எங்கிட்ட வாங்க. ஊத்திட்டு வீட்ல ஜெபம் பண்ணிட்டு இருக்காதீங்க.”

டிசம்பரில் மச்சானை அழைத்துவர அதே வண்டியில்தான் விமான நிலையம் போனேன். பெட்டிகளை ஏற்றியதும் சாவியை நீட்டினேன். “நீங்களே ஓட்டுங்க மாப்ள,” என்று சொல்லிவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். விமானத்தில் கொடுத்த உப்புமா மோசம் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தவர், யெலஹங்கா வருவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். வெயில் அவர் முகத்தில் விழுந்தது. கையை நீட்டி அவர் பக்கத்து வெயில் மறைப்பை இறக்கிவிட்டு, அவசரமில்லாமல் ஓட்டினேன்.