கூரைப் பாலத்துக்கு நான் போட்ட இலக்கங்கள்

எங்கள் ஊரையும் அக்கரையையும் சேர்த்த பாலத்துக்குக் கூரை இருந்தது. அப்படி வேறொன்றை நான் பார்த்ததில்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். மற்ற மாதங்களில் அதன் படுகையில் மாடு மேயும். ஆனால் தண்ணீர் ஓடும் நாட்களில் அக்கரையின் இருபது வீட்டுக்கும் பள்ளிக்கூடம், கடை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அந்தப் பாலமே கிட்டிய வழி.

அதன் வரலாறு எனக்குத் தெரிந்த மட்டில் இவ்வளவுதான். கல்தூண்கள் நான்கு, அவற்றின்மேல் உத்தரமாகப் பனந் தீராந்திகள். நனைந்தால் மரம் உக்கிவிடும் என்று யாரோ கூரை போட்டார்கள். பிறகு அறுவடைக் காலத்தில் புகையிலைச் சிப்பங்களும் அந்த நிழலில் லொறிக்குக் காத்துக் கிடந்தன. ஒவ்வொரு புரட்டாதியிலும் இரு கரையாரும் தென்னோலைக் கிடுகு கொண்டுவந்து வேய்வார்கள். எங்கள் பாதியை நாங்கள், அவர்கள் பாதியை அவர்கள். நடுவிலுள்ள ஒரு முழம் யாருடையது என்று வருடா வருடம் வாய்ச்சண்டை நடக்கும்.

போரால் மின்சாரம் நின்று இரண்டாம் வருடம். சீமெந்தும் இல்லை, இரும்பும் இல்லை. நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சி முடித்து ஒரு கந்தோரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆவணியில் ஒரு நாள் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். ஊர் வாசிகசாலைக்கு அவர்தான் தலைவர்.

"பாலத்தைக் கழட்டித் திருத்தப் போறம் பிள்ளை. நீ அளந்து, மரத்துக்கெல்லாம் இலக்கம் போட்டுத் தா. திருப்பிப் பூட்டேக்கை மாறக் கூடாது."

அப்பா பக்கத்தில் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. எப்போதுமே அதிகம் கதைக்காதவர் என்பதால் நான் அதைக் கவனிக்கவில்லை.

மூன்று பின்னேரங்கள் வேலை செய்தேன். தீராந்தி பன்னிரண்டு, கூரையைத் தாங்கும் கப்பு பதினாறு, நடைபலகை நாற்பத்தெட்டு. கிடுகு கட்டும் சிலாகைகளில் மூன்றைக் காணவில்லை. உக்கியவை, பாதி உக்கியவை, நல்லவை என்று தாளில் தனித்தனி நிரல் கீறினேன். நல்லவற்றுக்குச் சரி அடையாளம் இட்டேன். ஒவ்வொரு மரத்திலும் வெள்ளைப் பெயின்றால் இலக்கம் எழுதினேன்.

அக்கரையில் பாலத்தடி வீட்டு அக்கா, நான்கு பிள்ளைகளின் தாய், வந்து நின்று பார்த்தார்.

"பாலத்துக்கும் அடையாள அட்டை குடுக்கிறியோ?"

"மூண்டு சிலாகை குறையுது அக்கா. உங்கடை பக்கத்திலை கிடக்கோ?"

"ஆட்டுக் கொட்டிலிலை கிடக்கு. கழட்டித் தாறன். ஆடு நனையட்டும், பிள்ளையள் நனையக் கூடாது. மாரிக்கு முதல் பூட்டுவினமோ?"

"ஓம் அக்கா. நான் சொல்லுறன்."

அடுத்த கிழமை பாலம் கழற்றப்பட்டது. அக்கரை ஆண்களும் வந்து மரம் சுமந்து, எங்கள் வாசிகசாலை வளவில் அடுக்கிவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை காலை அந்த வழியால் வந்தபோது வளவில் கூட்டம். சித்தப்பா என் நிரலைக் கையில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். ஒருவர் தகரப் பேணிக்குள் இருந்து சீட்டு எடுத்தார். எங்கள் ஊர் வீடுகளின் பங்கர்களை, குண்டுக்குப் பதுங்கும் குழிகளை, மூட மரம் பிரிக்கிறார்கள். நான் சரி அடையாளம் இட்டவை மட்டுமே சீட்டில் இருந்தன. உக்கியவை வேலியோரம் கிடந்தன.

"சித்தப்பா, இது பாலத்து மரம்."

"பிளேன் வந்தாப் பாலத்துக்கை போய் ஒளிக்கிறதே?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"அக்கரையார்?"

"அவையளுக்குப் பிறகு பாப்பம்."

பங்கர் வேண்டாம் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. குண்டு விழுந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அக்கரையிலும் குண்டு விழும். பாதி மரம் அவர்களுடையது. கூட்டத்துக்குப் பின்னால் அப்பா நின்றார். எங்கள் வீட்டுச் சீட்டு அவர் கையில் இருந்தது.

"உங்களுக்கு முதலே தெரியுமோ அப்பா?"

"உனக்குச் சொல்லியிருந்தா நீ இலக்கம் போட்டிருக்க மாட்டாய்," என்றார். வெட்கமில்லாமல், கோபமுமில்லாமல், உள்ளதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அக்கா தந்த மூன்று சிலாகைகளையும் அடுக்கில் தேடி எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. தோளில் வைத்து, காய்ந்த படுகையைக் கடந்து, அவர் வாசலில் இறக்கினேன். நடந்ததைச் சொன்னேன்.

அவர் சிலாகைகளை எடுத்து வேலியில் சாத்தினார். பிறகு, "உனக்குத் தெரியாதெண்டு விளங்குது. ஆனா எங்களிட்டை வந்து கேட்டது உன்ரை வாய்தானே பிள்ளை," என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

அந்த மாரி முழுக்க அக்கரைப் பிள்ளைகள் சண்டிலிப்பாய் வீதியால் இரண்டு மைல் சுற்றிப் பள்ளிக்கூடம் போனார்கள். கந்தோருக்குப் போகும் வழியில் சைக்கிளில் அவர்களைக் கடப்பேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அப்பாவோடு தேவைக்கு மட்டும் கதைத்தேன்: சாப்பாடு, மருந்து, சைக்கிள் சாவி.

தை பிறந்து சில நாட்களில், நான் முற்றம் கூட்டும்போது அப்பா வந்து நின்றார்.

"ஆறு வத்திட்டுது. இனி அவையள் நடந்து வரலாம்."

அதோடு கணக்குத் தீர்ந்துவிட்டது என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். நான் கூட்டி முடித்துவிட்டு உள்ளே போனேன்.