பெத்லகேம் மலையில் என் துண்டுப்பிரசுரம்

நத்தார் சோடனைத் தொழிலில், அதாவது கிறிஸ்மசுக்கு வீடு அலங்கரிப்பதில், நல்ல பெயர் எடுப்பது எளிது. அந்தப் பெயர் நம்முடையதாக இருப்பதுதான் கடினம்.

எனக்கு நடந்த அநியாயங்களைக் காலவரிசைப்படி சொல்கிறேன். வரிசை மாறினால் எதிராளி இடையில் நழுவிவிடுவான் என்பது தொழிற்சங்கத்தில் படித்த பாடம். முதலாவது, துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில் நான் எழுதிய வேலைநிறுத்தத் துண்டுப்பிரசுரம் சங்கச் செயலாளரின் பெயரில் அச்சானது. இரண்டாவது, அந்தப் பிரசுரத்துக்காக வேலை போனது எனக்கு. அப்போது மட்டும் எழுதியவன் யாரென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மூன்றாவது, சங்கம் இரண்டாக உடைந்தபோது இரண்டு பிரிவும் தியாகம் செய்தவர்கள் என்று ஆளுக்கொரு பட்டியல் வெளியிட்டன. இரண்டிலும் நான் இல்லை. நான்காவது, கொட்டாஞ்சேனையில் எங்கள் பங்குக் கோயில் நடத்தும் பாலன் குடில் போட்டியில் நான் கட்டிய குடில் மூன்று முறை பரிசு பெற்றது. மூன்று முறையும் கோயில் முற்றத்தில் வாசிக்கப்பட்டது வீட்டுக்காரரின் பெயர். இந்த முறை சவரிமுத்து என்ற என் பெயர் அந்த ஒலிபெருக்கியில் வராமல் விடுவதில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

இப்போது கொழும்பில் பழைய காலத்து நத்தார் திரும்பி வந்திருக்கிறது. பிளாஸ்டிக் மரம் அலுத்துப்போனவர்கள் கடதாசிச் சங்கிலி கேட்கிறார்கள், மூங்கில் நட்சத்திரம் கேட்கிறார்கள், மணல் நிரப்பிய பால்மாத் தகர ரின்னில் நட்ட சவுக்குக் கொப்பைக் கேட்கிறார்கள். மே தின ஊர்திகளைச் சோடித்துப் பழகிய கை என்னுடையது. சுவரொட்டிக்குக் காய்ச்சிய அதே கோதுமை மாப் பசையைத்தான் நட்சத்திரத்துக்கும் காய்ச்சுகிறேன். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், நாலாம் வீட்டு றெஜினாவும் கூட வருகிறாள். வயது ஐம்பத்திரண்டு. கத்தரிக்கோல் வேலை அவளுடையது.

ஏணியில் நின்று உழைத்து, இறங்கியதும் மறக்கப்படும் என் இனத்தவரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு ஞாபகம்

வெள்ளவத்தையில் கடல் பார்த்த தொடர்மாடி ஒன்று. வீட்டுக்கார அம்மா யாழ்ப்பாணத்தவர். மகள் கனடாவிலிருந்து வருகிறாள். தன் சின்ன வயதில் இருந்த மாதிரியே நத்தார் வேண்டும் என்று அங்கிருந்தே கட்டளை போட்டிருக்கிறாள். சுவரில் பிள்ளையார், முருகன், நடுவில் சரஸ்வதி. "அம்மா, நீங்கள் வேதக்காரரோ?" என்று கேட்டேன். "இல்லைத் தம்பி, நாங்கள் சைவம். பிள்ளைக்கு ஞாபகம் இருக்கிறது பக்கத்து வீட்டு நத்தார்" என்றார். எழுபது வயதான என்னைத் தம்பி என்று அழைத்ததற்காகவே அந்த வேலையை ஏற்றுக்கொண்டேன்.

சங்கிலிகள் பழுப்பேறித் தெரிய வேண்டுமாம். புதுக் கடதாசியைப் பால் விடாத பிளேன்ரீயில் தோய்த்து எடுக்கலாம் என்று றெஜினா ஏதோ சொன்னாள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். "இவ ஆர்?" என்று அம்மா கேட்க, "உதவிக்கு வாறவ" என்றேன். பல்கனிக் கொடியில் சங்கிலிகள் தேநீர் சொட்டக் காய்ந்துகொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வெளியிலிருந்து வந்தார். ஓய்வு பெற்ற பொறியியலாளர். சங்கிலியைப் பார்த்தார், கீழே வைத்திருந்த தேநீர் வாளியைப் பார்த்தார், பிறகு என்னிடம் சொன்னார்: "பழசுகளை எறியுங்கோ எண்டு முப்பது வருசமாக் கத்தினனான், ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப புதுசை வாங்கி, ஆள் பிடிச்சுப் பழசாக்கினம்."

டெய்சி

இரத்மலானையில் புதிதாகக் கல்யாணம் செய்த சோடி. வரவேற்பறையில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட ஆசை. ஆனால் அவர்களுக்கு அட்டை அனுப்ப உலகத்தில் ஒருவருமில்லை. எல்லாம் கைபேசியில் வந்துவிடுகிறது. என்னிடம் ஒரு பிஸ்கட் தகரம் நிறையப் பழைய அட்டைகள் உண்டு, வீடு காலி செய்கிறவர்கள் எறிந்தவை. வாசலிலிருந்து சாப்பாட்டு மேசை வரை நாற்பது அட்டை கட்டினோம். பெண்ணும் மாப்பிள்ளையும் கைதட்டினார்கள்.

மறுநாள் மீதிக் கயிற்றை எடுக்கப் போனபோது பெண்ணின் தாய் வந்திருந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் அட்டையாகத் திறந்து வாசித்தபடி வாசலை நோக்கி நகர்ந்தார். கடைசி அட்டையில் 'என் டெய்சிக்கு, என்றும் உன்' என்று எழுதி, கீழே கையெழுத்து விளங்காமல் கிறுக்கியிருந்தது. அந்த அம்மா சத்தம் போடவில்லை, மெதுவாக மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். அதுதான் எனக்கும் பயமாக இருந்தது. "மருமகன், டெய்சி ஆரெண்டு நான் கேக்கேல்லை. ஏன் வாசல்ல தொங்கவிட்டனீங்கள் எண்டுதான் கேக்கிறன்."

அவசரப்பட்ட நட்சத்திரம்

கல்கிசையில் ஒரு தொடர்மாடி. மூன்றாம் மாடிப் பல்கனியில் தொங்கவிட ஐந்து முனை நட்சத்திரம்: மூங்கில் சட்டம், பட்டக் கடதாசி, ஓரமெல்லாம் ஊசிப் பூப்போல வெட்டிய குஞ்சம். குஞ்சத்துக்கு மட்டும் றெஜினாவுக்கு இரண்டு நாள் பிடித்தது. ஏணி வைத்து மாட்டியவன் நான் என்பதால் நட்சத்திரம் நான் செய்தது என்றுதான் கட்டிடத்தில் எல்லோரும் நினைத்தார்கள். நானும் திருத்தப் போகவில்லை.

சிங்களக் காவலாளி கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். புத்தர் திருநாளுக்குக் கட்டும் வெசாக் கூடு என்று நினைத்துவிட்டார். "அய்யே, வெசாக்குக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கே" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். அய்யே என்றால் சிங்களத்தில் அண்ணன். நான் நத்தார் நட்சத்திரத்தின் வரலாற்றை விளக்கினேன். கீழைத்தேச ஞானிகள், ஏரோதுவின் அடக்குமுறை எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு என் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வைத்தார். மே மாதம் பிறந்ததும் அழைப்பு வந்தது: "அய்யே, இப்பதான் சரியான நேரம். அந்தக் கூட்டைக் கொண்டு வாங்க."

மலை வாசித்த மனிதர்

இனிப் போட்டிக் கதை. பங்குத்தந்தைக்கு ஏழு கோரிக்கை எழுதிக் கொடுத்தேன். ஆறை நிராகரித்தார். ஏழாவது நிறைவேறியது: விண்ணப்பப் படிவத்தில் 'வீட்டுக்காரர்' என்பதன் கீழே 'செய்தவர்' என்று புதிதாக ஒரு கோடு. "ஒரு பேர்தான் சவரி, சான்றிதழில ஒரு வரிக்குத்தான் இடமிருக்கு" என்றார். ஒரு வரி போதும் என்றேன். இந்த முறை எங்களை அழைத்த கொட்டாஞ்சேனை லில்லி டீச்சர் வீட்டு முன்னறையில் குடில் கட்டத் தொடங்கினோம்.

பெத்லகேம் மலைக்குக் கடதாசி வேண்டும். என் கட்டிலுக்குக் கீழே, அச்சடித்தும் யாரும் வாங்காத அந்தப் பழைய துண்டுப்பிரசுரக் கட்டு அப்படியே கிடந்தது. கசக்கி, பசையில் நனைத்து, மலையாக்கினேன். மண்ணிறப் பூச்சு தண்ணீராக இருந்தது. காய்ந்ததும் எழுத்தெல்லாம் மேலே வந்துவிட்டது. "இன்னொரு பூச்சுப் பூசணும் அண்ணே" என்றாள் றெஜினா. பழைய காலத்துக் குடில் அப்படித்தான் இருக்கும் என்று அவள் வாயை அடைத்தேன்.

அன்று டீச்சரின் தம்பி வந்தார். துறைமுக அலுவலகத்தில் தட்டச்சாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என் வேலைநீக்கக் கடிதத்தை அடித்த கை அது; ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை, அதை மறுக்க முடியாது. அவர் குனிந்து மலையை வாசிக்கத் தொடங்கினார். அடிவாரத்தில் தொடங்கி ஒட்டகம் வரை போனார், மாட்டுக் கொட்டிலைச் சுற்றி வந்தார். என் பிரசுரத்தை முழுதாக வாசித்த முதல் மனிதர் அவர். நிமிர்ந்தவர் என் தோளில் கை வைத்தார்: "எழுத்து நல்லாத்தான் இருக்கு. இந்த ஆட்டுக்குட்டியைக் கொஞ்சம் தள்ளி வைங்க, கோரிக்கை பாதியில நிக்குது."

பண்டிகை நேரம்

அந்த மகிழ்ச்சியில் படிவத்தை அங்கேயே நிரப்பினேன். 'செய்தவர்' கோட்டில் சவரிமுத்து. றெஜினா பார்த்தாள், கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். மறுநாள் காலை கொப்பித் தாள் ஒன்றை நீட்டினாள். காலவரிசைப்படி எழுதியிருந்தாள். முதலாவது, பரிசு பெற்ற மூன்று குடில்களிலும் தேவதைகள், மாடு, ராசாக்கள் எல்லாம் அவள் வெட்டியவை. இரண்டாவது, பிளேன்ரீ அவளுடைய யோசனை. மூன்றாவது, 'உதவிக்கு வாறவ' என்று சொன்னது. நான்காவது, ஏணியை இவ்வளவு காலமும் பிடித்தது யார்? கீழே: இவை தீரும்வரை தேவதை வெட்டப்படமாட்டாது.

நடுவர்கள் அடுத்த நாள் பின்னேரம் நாலு மணிக்கு வருகிறார்கள். மலை இருக்கிறது, மேலே வானம் வெறுமை. நானே கத்தரிக்கோலை எடுத்து ஆறு தேவதை வெட்டி நூலில் தொங்கவிட்டேன். லில்லி டீச்சர் வந்து பார்த்தார். "சவரி, இந்தக் கோழிகள் பெத்லகேமுக்கு எப்படி வந்தது?"

றெஜினா வீட்டு வாசலுக்குப் போனேன். இந்த வருடம் என் பெயர், அடுத்த வருடம் உன் பெயர் என்றேன். தலையாட்டவில்லை. குழு அமைத்துப் பரிசீலிக்கலாம் என்றேன். "குழுவில யாரு?" என்றாள். நானும் டீச்சரும் என்றேன். சிரித்தாள். கடைசியில் என் வாயிலிருந்து, அந்தக் காலத்துத் துறைமுக அதிகாரி சொன்ன அதே வாக்கியம், அதே தொண்டைக் கரகரப்போடு வந்தது: "பண்டிகை நேரத்தில இப்படிச் செய்யலாமா?" சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. றெஜினா வாசல் நிலையில் சாய்ந்துகொண்டாள். "பண்டிகை நேரத்தில தான் செய்யணும்னு எழுதினது நீங்கதானே அண்ணே. மலையில இருக்கு, ஒட்டகத்துக்குப் பக்கத்தில. போய் வாசிங்க."

ஒரு வரி

போய் வாசித்தேன். 'பண்டிகை நேரமே கோரிக்கையின் நேரம். கப்பல் காத்திருக்கும்போதுதான் கை பேசும்.' நல்ல வாக்கியம். இன்றைக்கும் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டேன். அதுதான் பிரச்சினை. பிறகு டீச்சரிடம் அடிமட்டம் கேட்டு வாங்கி, படிவத்தில் என் பெயரை ஒரே கோட்டில் வெட்டினேன். நாணயமாக வெட்ட வேண்டும் அல்லவா. படிவத்தைக் கொண்டுபோய் றெஜினாவிடம் காட்டினேன். மறுநாள் மத்தியானத்துக்குள் அவள் பன்னிரண்டு தேவதை வெட்டினாள். நடுவர்கள் வந்தபோது சன்னல் காற்றுக்கு அவை ஆடிக்கொண்டிருந்தன.

ஜனவரியில் மூவிராசாக்கள் திருநாள் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் முடிவு வாசித்தார்கள். எனக்கு முதலாம் இடத்தில் சந்தேகமே இல்லை. முதலாம் இடம் ஒரு மின்சார நீர்வீழ்ச்சிக்குப் போனது. இரண்டாவதும் வேறு யாருக்கோ. "மூன்றாம் இடம். வீட்டுக்காரர், லில்லி டீச்சர். செய்தவர், மரியதாஸ் றெஜினா" என்றது ஒலிபெருக்கி. ஒருவரும் அசையவில்லை. இரண்டாம் முறை வாசித்த பிறகுதான் மாதா சுருபம் இருக்கும் கெபிப் பக்கமிருந்து அவள் எழுந்து வந்தாள், சுத்தமாக இருந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே. "அப்ப நீங்க என்னதான் செய்தீங்க சவரி?" என்று டீச்சரின் தம்பி என் காதுக்குள் கேட்டார். ஏணி என்றேன்.

றெஜினா சான்றிதழைச் சுருட்டாமல் நேரே என்னிடம் கொண்டுவந்தாள். டீச்சரும் தம்பியும், ஒழுங்கைச் சனம் பாதியும் சுற்றி நின்றார்கள். "கண்ணாடி கொண்டு வரல்ல அண்ணே. பேரைப் பிழையில்லாம எழுதியிருக்கான்னு பாருங்க. சத்தமா வாசிங்க, இவங்களும் கேக்கட்டும்."

கூட்டத்தில் பேசிப் பழகிய தொண்டை இது. "மரியதாஸ் றெஜினா" என்று, தெருவுக்குக் கேட்கும்படி வாசித்தேன்.

ஆக, என் துண்டுப்பிரசுரம் முழுதாக வென்றது ஒரேயொரு வேலைநிறுத்தத்தில், அதிலும் நான் நிர்வாகமாக இருந்தேன்.