சரணத்தில் ஒரு மூச்சு

என் கணவர் ஐம்பது பாட்டாவது கட்டியிருப்பார். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையிலும் வகுப்பு. ஒருமுறை யாரோ அவர் பாட்டை ரேடியோவில் பாடினார்கள். இயற்றியவர் பெயர் தெரியவில்லை என்று அறிவித்தார்கள். இயற்றியவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"இங்கதான் இருக்காருன்னு போன் பண்ணிச் சொல்லட்டுமா?" என்றேன்.

"நல்லாத்தானே பாடுனாங்க, விடு."

பெயர் வாங்கும் ஆசை அந்த மனுஷனுக்கு மருந்துக்கும் கிடையாது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

எதைக் கட்டினாலும் முதலில் பாடுவது எங்கள் மகள்தான். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே இதயத்தில் கோளாறு. அவர் அவளுக்கென்று கட்டிய கடைசிப் பாட்டின் சரணத்தில் ஒரு நீண்ட சொல் உண்டு. ஒரே மூச்சில் பாட வேண்டும். அவளால் முடியாது. சொல்லின் நடுவில் நின்று, காற்றை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு மீதியைப் பாடுவாள். "சரி பண்ணிடுறேம்ப்பா" என்பாள். பத்தொன்பது வயதில் போய்விட்டாள்.

சில மாதம் கழித்து வகுப்பு மறுபடி தொடங்கியது. நான் அடுப்படியில் இருந்தேன். ஏழெட்டுப் பிள்ளைகள் அந்தச் சரணத்தைப் பாடினார்கள். சொல்லின் நடுவில் எல்லாரும் ஒன்றாக, அப்படியே என் மகளைப் போல, மூச்சை இழுத்தார்கள். அடுப்பை அணைத்தேன். ஒரு பெண் தெரியாமல் சரியாகப் பாடிவிட்டாள். அவளை நிறுத்தி, அங்கே மூச்சு எடுக்கச் சொன்னார்.

அதன்பிறகு அது வீட்டோடு நிற்கவில்லை. கடைக்குப் போகும் வழியில் ஏதோ ஒரு மாடி ஜன்னலிலிருந்து, அவரிடம் படிக்கும் பிள்ளை யாராவது பாடிப் பழகும்போது, அந்த மூச்சு கேட்கும். மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிள்ளையைப் பறிகொடுத்தது போதாதென்று, அவள் திணறுவதைத் தெருத்தெருவாகக் கேட்க வேண்டுமா? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"ஏங்க, அவளை விட்டுடுங்க," என்றேன் ஒருநாள். "தினம் என் காதுல மூச்சு வாங்குறா. என்னால தாங்க முடியல."

அவர் சுருதிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு அவ குரல் மறந்துபோச்சு. மூச்சு மட்டுந்தான் ஞாபகம் இருக்கு," என்றார். பிறகு, "சரி, மாத்திடுறேன்."

மாற்றியும்விட்டார். மறுநாள் பிள்ளைகள் பாடியபோது பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அந்த இடம் வந்தது. சொல் உடையாமல் போய்க்கொண்டே இருந்தது. வீட்டில் அவள் எங்குமே இல்லை.

ஈரக் கையோடு முன்னறை வாசலில் போய் நின்றேன். அவர் சுவரைப் பார்த்தபடி தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"தப்பாப் பாடுறீங்க," என்றேன் பிள்ளைகளிடம். "நடுவுல மூச்சு எடுக்கணும்."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தலையசைத்தார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து கேட்டேன்.