வடக்கு இல்லாத வரைபடம்

முனைவர் பட்ட நெறியாளராக இருப்பதற்குப் பாட அறிவும் பொறுமையும் போதும் என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். இப்போது வக்கீல் நோட்டீஸைப் பிரித்துப் படிக்கவும் தெரிய வேண்டியிருக்கிறது. என்னைப் போலக் கல்லூரியில் பாடம் நடத்தி அவதிப்படுகிறவர்கள் இதைப் படித்தால், தலையை ஆட்டிக்கொண்டே படிப்பீர்கள் என்று தெரியும்.

வந்த தபால்

காலை ஒன்பதே கால் மணி. இரவெல்லாம் பெய்த ஐப்பசி மழை விட்டிருந்தது. மேற்குத் தாம்பரத்தில் புழுக்கத்தோடு வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குடையை விரித்துக் காயவைப்பதற்குள் கல்லூரி முதல்வர் அழைப்பதாகச் சொன்னார்கள். அவர் மேசையில் ஒரு வக்கீல் நோட்டீஸ் இருந்தது. என் ஆய்வு மாணவி ஜெனிபர் படப்பைப் பெண். தன் ஊர்ப் பக்கத்து ஏரி ஒன்றின் உபரிநீர் முன்பு எந்த வழியாக ஓடியது, இப்போது எங்கே முட்டி நிற்கிறது என்பதே அவள் ஆய்வு. பழைய கால்வாயின் வழி ஒரு நிறுவனத்தின் புதிய மனைப்பிரிவுக்கு நடுவில் போவதாக அவள் வரைபடம் காட்டியது. அதன் சுருக்கம் எங்கள் துறையின் இணையப் பக்கத்தில் வந்ததும், நிறுவனத்தின் நற்பெயர் கெட்டுவிட்டதாம். வரைபடத்தை நீக்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையேல் வழக்கு.

ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது, தேர்வாளர்களின் அறிக்கைகளும் சாதகமாக வந்துவிட்டன, இனி வாய்மொழித் தேர்வு மட்டுமே பாக்கி, இந்த நிலையில் ஓர் எழுத்தையும் மாற்ற விதி இடம் தராது என்று நிதானமாக எடுத்துச் சொன்னேன். முதல்வர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் மேடம், நம்ம பக்கத்துல ஏரிக்கா பஞ்சம்? வேற ஏரியே கிடைக்கலையா உங்களுக்கு?"

திருத்தம்

ஆய்வேட்டைத் தொட முடியாது என்றானதும், வாய்மொழித் தேர்வில் திரையில் காட்டப்போகும் பக்கங்களையாவது கல்லூரியின் சட்ட ஆலோசகர் பார்த்துத் தரட்டும் என்றார்கள். அவரும் சிரத்தையாகவே பார்த்தார். ஏரியின் பெயர் 'ஒரு நீர்நிலை' ஆயிற்று. படப்பை சாலை 'ஒரு சாலை' ஆயிற்று. நிறுவனத்தின் மனைப்பிரிவு 'ஒரு பயன்பாடு' ஆயிற்று. ஒரு சாலையின் ஓரத்தில் ஒரு நீர்நிலை, அதற்குப் பக்கத்தில் ஒரு பயன்பாடு. இந்த வரைபடம் தமிழ்நாட்டில் எந்த ஊருக்கும் பொருந்தும் என்றேன். அதுதான் நமக்குப் பாதுகாப்பு என்று மகிழ்ந்தார்.

கடைசியாக, வரைபடத்தின் மூலையில் திசை காட்டும் அம்புக்குறியின் மேல் அவருடைய சிவப்புப் பேனா வந்து நின்றது. திசை தெரிந்தால் இடத்தை யூகித்துவிடுவார்கள் என்பது அவர் கவலை. புவியியலில் எனக்கு இருபது ஆண்டுக்கும் மேலான அனுபவம் உண்டு. இப்படியொரு கேள்விக்கு அந்த அனுபவம் என்னைத் தயார்ப்படுத்தியிருக்கவில்லை.

"வடக்கு அவசியம் இருக்கணுமா மேடம்?"

மாணவியின் கேள்வி

ஜெனிபருக்குக் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை உறுதியாகியிருந்தது. வாய்மொழித் தேர்வு முடிந்த சான்றுடன் வந்தால் சேரலாம். தள்ளிப்போனால் வேறொருவரை எடுத்துக்கொள்வார்கள். ஆகவே திரையில் பெயர்களையும் அம்புக்குறியையும் நீக்க நானே சம்மதித்தேன். அவளும் மறுக்கவில்லை. மடிக்கணினியை மூடும்போதுதான் கேட்டாள்.

"பேரை எடுத்துடறேன் மேம், பரவால்ல. யாராவது எழுந்து 'இது எங்கம்மா இருக்கு'ன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லணுமா?"

அழைப்பு

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு பொதுவில் நடப்பது. யாரும் வரலாம், ஆய்வேட்டை முன்கூட்டியே நூலகத்தில் படிக்கலாம், எழுந்து கேள்வி கேட்கலாம். விதிப்புத்தகத்தை எடுத்து மறுபடி படித்தேன். 'யாரும்' என்றால் நோட்டீஸ் அனுப்பியவர்களும்தான். ஆட்சேபணை இருந்தால் நேரில் வந்து எழுப்பலாம் என்று ஒரு வரி சேர்த்து, தேர்வு அறிவிப்பின் பிரதி ஒன்றை அந்த வக்கீல் அலுவலகத்துக்கு அனுப்பினேன். விஷயம் அறிந்த முதல்வர் என் அறைக்கே வந்துவிட்டார். அவர் மாடி ஏறி வந்தது அதுவே முதல் முறை.

"நல்ல பாம்புக்குப் பத்திரிகை வெச்சு விருந்துக்குக் கூப்பிட்டிருக்கீங்களே மேடம்!"

கடைசி வரிசை

தேர்வு நாளில் நிறுவனத்தின் தரப்பிலிருந்து ஓர் இளம் வக்கீல் வந்தார். கறுப்புக் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் அமர்ந்தார். எல்லாருக்கும் கொடுத்த லட்டும் மிக்சரும் அவருக்கும் போயிற்று. சாப்பிட்டபடி கவனமாகக் குறிப்பெடுத்தார். மதுரையிலிருந்து வந்திருந்த தேர்வாளர், ஆய்வேட்டில் இருக்கும் பெயர்கள் திரையில் ஏன் இல்லை என்று கேட்டபோது, சட்ட ஆலோசகர் இருமினார். ஜெனிபர் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

பார்வையாளர்கள் கேட்கலாம் என்றதும் இளம் வக்கீல் எழுந்தார். அரங்கில் மிக்சர் மெல்லும் சத்தமும் நின்றது.

"நான் கேஸ் விஷயமா கேக்கல மேடம். எங்க அக்கா அந்த லே-அவுட்லதான் மனை பாத்து வெச்சிருக்காங்க, நாளைக்கு அட்வான்ஸ். வாங்கலாமா, வேணாமா?"

பதில்

இது ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்ட கேள்வி என்று சட்ட ஆலோசகர் கை தூக்கினார். முதல்வர் ஜெனிபரை நோக்கிக் கண்ணாலேயே 'வேண்டாம்' என்றார். தேர்வாளரோ, பொதுவில் கேட்ட கேள்விக்குப் பதில் வந்தால்தான் தேர்வு நிறைவுபெறும், பதிலையும் அறிக்கையில் எழுதுவேன் என்று பேனாவைத் திறந்தார். பேசினால் வழக்கு, பேசாவிட்டால் பட்டம் இல்லை. இந்த முறை அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையை அணைத்தாள். மேசையில் இருந்த ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்கு நடந்தாள். பெயர்களும் வடக்கும் இருந்த வரைபடத்தை விரித்தாள். ஏரியின் பெயரை, சாலையின் பெயரை, மனைப்பிரிவின் பெயரை, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி வரிசையாகச் சொன்னாள்.

"அக்காவை வாங்க வேணாம்னு சொல்லுங்க சார். பெரிய மழை பெஞ்சா தண்ணி இந்த வழியாத்தான் வரும். பத்திரம் யார் பேர்ல இருக்குன்னு பாக்காது."

மறுநாள் காலை

பட்டம் வழங்கலாம் என்ற தேர்வாளரின் பரிந்துரையோடு ஜெனிபர் மறுநாள் காலை காட்டாங்குளத்தூருக்கு மின்சார ரயில் ஏறினாள். முதல்வர் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டார்: இனி வாய்மொழித் தேர்வுக்கு வரும் பொதுமக்கள், எழுப்பவிருக்கும் கேள்விகளை எழுத்து மூலம் முன்கூட்டியே சமர்ப்பிக்க வேண்டும். சட்ட ஆலோசகர் நூலகத்துக்குச் சென்று, ஆய்வேட்டைப் பாதுகாப்புக் கருதிப் பூட்டிய அலமாரிக்கு மாற்றினார். நான் முதல் பாடவேளையில் இளங்கலை மாணவர்களுக்கு வரைபடத்தின் உறுப்புகளை நடத்தினேன். அம்புக்குறியைப் பற்றி வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகப் பேசிவிட்டேன். வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது இளம் வக்கீலின் அழைப்பு வந்தது.

"இன்னொரு நோட்டீஸ் வரும் மேடம், இந்தத் தடவை நேத்து சொன்ன பதிலையும் சேத்து. சீனியர் கையெழுத்து போட்டாச்சு, தப்பா எடுத்துக்காதீங்க. அப்புறம், அக்கா அட்வான்ஸ் குடுக்கல, உங்க ஸ்டூடண்டுக்குத் தேங்க்ஸ் சொல்லச் சொன்னாங்க."

அரங்கம் முழுக்கக் கேட்க என் மாணவி சொன்ன அந்த ஏரியின் பெயரை, இத்தனை பத்தி எழுதியும் நான் இங்கே ஓரிடத்திலும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நீங்களும் கல்லூரியில் வேலை பார்ப்பவராக இருந்தால், காரணம் கேட்க மாட்டீர்கள்.