துண்டுக்குள் பிடித்த கை

குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்தவர்களில் என்னைப்போலக் கையால் ஆளை அளக்கத் தெரிந்தவன் அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் ஒரு நடிகனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நான் வேறென்ன செய்வது?

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு வழியில்லாமல் கம்பத்திலிருந்து நடந்தே மலையேறியவன் நான். முதலில் மூட்டை தூக்கினேன். பிறகு காய் புடைத்தேன். எழுபதுகள் பிறந்தபோது கடைத்தெருவில் எனக்கென்று ஒரு கடையும், வாசலில் ஒரு ஜீப்பும் நின்றன. எவன் தயவும் இல்லை.

அப்போதெல்லாம் எங்கள் கடைகளில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். விரலைப் பிடிப்பதில்தான் பேரம். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. முதலில் பிடிக்கும் விலை சும்மா ஒரு பேச்சுக்கு. விற்கிறவன் என் விரலைத் தட்டிவிட வேண்டும். தட்டினால்தான் அவனுக்கு மரியாதை, அவன் சரக்குக்கும் மரியாதை.

ஓர் ஆடி மாத மழையில் ஒரு மூட்டைக் காயோடு ஓர் இளவட்டம் என் கடைக்கு வந்தான். ஆனைக்கரைப் பக்கத்துத் தோட்டமொன்றில், காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பெரிக்கிறவன். துண்டைப் போட்டு, அடிமாட்டு விலை ஒன்றைப் பிடித்தேன். தட்டவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டான். எனக்குப் பொறி தட்டியது. தன் சரக்கை எவன் முதல் விலைக்கு விடுவான்? திருட்டுக் காய். அவனை உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, கணக்குப்பிள்ளையைப் போலீசுக்கு அனுப்பினேன். போலீஸ் வந்த பிறகுதான் மிச்சம் தெரிந்தது. அந்த ஸ்டோரின் காவல்காரர் விறகுக்கட்டையால் அடிபட்டுச் செத்துக் கிடந்தார்.

கோர்ட்டில் நான் சொன்ன சாட்சிதான் நின்றது. அவனுக்கு ஆயுள் தண்டனை. அதற்குப் பிறகு நான் வெறும் ஏலக்காய்க்காரன் இல்லை. கொலைகாரனைப் பிடித்த முதலாளி. பஸ்ஸில் வருகிறவர்களுக்கு என் கடையைக் கை நீட்டிக் காட்டுவார்கள். நான் பார்க்காததுபோல் உட்கார்ந்திருப்பேன்.

சில வருடம் கழித்து, அந்தக் கதையைப் படமெடுக்க மெட்ராஸிலிருந்து ஒரு டைரக்டர் வந்தார். நேராக என் கடைக்குத்தான் வந்தார். வேறு எங்கே போவார்? ஹீரோ யாரென்று கேட்டேன். மரத்தைச் சுற்றி ஆடுகிற ஒரு நடிகனைச் சொன்னார்.

"அவரு செக்கச்செவேல்னு இருப்பாரே. நான் இந்தக் கலரு. சனங்க நம்புவாங்களா?"

டைரக்டர் தொண்டையைச் செருமினார். "அவர் நீங்களா நடிக்கலைங்க. கொன்னவனா நடிக்கிறார்."

"கொன்னவனா ஹீரோ?"

"கதை அவனோடதுங்க."

அன்றைக்கு ஆரம்பித்த எரிச்சல். பிடித்தவன் இங்கே கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், கதை அவனுடையதாம்! சரி, என் வேடத்தையாவது நானே செய்கிறேன் என்று, பட்டுச் சட்டை ஒன்று தைத்து வைத்தேன். அதற்கும் அவர், "அசல் ஆளே நடிச்சா சரியா வராதுங்க" என்று சிரித்துக்கொண்டே நழுவிவிட்டார்.

நடிகன் வந்து இறங்கியபோது உரித்த முட்டை மாதிரி இருந்தான். ஸ்டோரில் அடுப்பெரித்துப் பழக வேண்டுமாம். "ரெண்டு நாளு தாங்குவாரா?" என்று எதிர் டீக்கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். தாங்கினான். ஸ்டோரிலேயே படுத்தான். புகையில் கண் சிவந்தான், கன்னம் ஒட்டினான், தாடி விட்டான். கொலைகாரனின் அக்கா தோட்டத்தில் காய் பறிப்பவள். தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில், அவள் வாசலில் போய் உட்கார்ந்து பாலில்லாத கட்டங்காப்பி குடித்தான். என் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். என் மனைவி நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்து, புது ஜமுக்காளம் விரித்துக் காத்திருந்தாள். துரை வரவில்லை. காப்பிக்கு அங்கே போகத் தெரிந்தது, கோழிக்கு இங்கே வரத் தெரியவில்லை.

ஒரு நாள் கடைவாசலை அடைத்துக்கொண்டு ஒருத்தன் மூட்டையோடு நின்றான். "ஏய், ஓரமா எறக்குடா!" என்று கத்தினேன். திரும்பினான். ஜெயிலில் இருப்பவன் எப்படி வந்தான் என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். எதிரில் டீக்கடைக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"எந்தா மொதலாளி, பேயைக் கண்டோ? நடிகராக்கும்!"

என் உடம்பிலிருந்து மூட்டை வாடை போக எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்குத்தான் தெரியும். அவன் அதே வாடையை ஒரு மாதத்தில் எடுத்துப் பூசிக்கொண்டான். அதற்கு அவனுக்குச் சம்பளம் வேறு. ஊரே வாயைப் பிளந்து நின்று பார்த்தது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அன்று அவன் வந்தது துண்டுப் பேரம் பழக. கடைசியில் என்னிடம்தானே வரவேண்டியிருந்தது! கல்லாவில் உட்காரவைத்து, துண்டைப் போட்டு, அன்று நடந்ததை அப்படியே செய்து காட்டினேன். நான் விரலைப் பிடிப்பேன். அவன் தட்டாமல் தலையாட்டுவான். நான் கையை எடுத்துக்கொள்வேன். திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொதலாளி, ஒண்ணு கேக்கலாமா? வெல முடிஞ்சதும் கையை ஏன் ஒவ்வொரு தடவையும் வெடுக்குனு உருவுறீங்க?"

"யாவாரிக்கு ஆயிரம் சோலி இருக்கும் தம்பி."

"மத்தவங்ககிட்ட வெல பேசுறப்போ பாத்தேன். அப்ப மெதுவாத்தான் எடுத்தீங்க."

"துண்டை மடிங்க. கடைக்கு ஆள் வருது" என்றேன். அவன் துண்டை மடித்து வைத்தான். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

படத்தைக் கம்பத்தில் திரையிட்டபோது, தெருவில் பாதிப் பேரை என் செலவில் பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன். பகல் காட்சி. பட்டுச் சட்டை போட்டிருந்தேன். கறுப்பு வெள்ளைப் படம். என் வேடத்தில் தொந்தியும் தங்கப்பல்லுமாக எவனோ ஒருத்தன் வந்தான். "ஏங்க, இது நீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். பின்வரிசையில் டீக்கடைக்காரர் தும்முவதுபோல் சிரித்தார்.

பிறகு துண்டுக் காட்சி வந்தது. தங்கப்பல்லன் விரலைப் பிடிக்கிறான். நடிகன் தலையாட்டுகிறான். பேரம் முடிந்தது. தங்கப்பல்லன் கையை எடுக்கப் பார்க்கிறான், முடியவில்லை. துண்டுக்குள் நடிகன் அதை விடாமல் பிடித்திருக்கிறான். முகத்தில் அழுகை இல்லை, ஒன்றுமில்லை. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை யாரோ ஒருத்தரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி. துண்டு மட்டும் லேசாக நடுங்கியது. தங்கப்பல்லன் வெடுக்கென்று உருவிக்கொண்டான்.

கொட்டகையில் ஒரே கைதட்டல். பக்கத்தில் என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பினாள்.

அந்தப் பிடியை நான் போலீசில் சொல்லவில்லை, கோர்ட்டில் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, நான் எதற்குச் சொல்ல? ஈரமாக, சில்லென்று, விடாமல் பிடித்திருந்தான் அந்தப் பயல். அது என் கைக்கு மட்டும் தெரிந்த விஷயம். என்னிடம் ஒரு வார்த்தை வாங்காமல், என் கை உருவிய வேகத்தை வைத்தே அதை எடுத்துக்கொண்டு போய்விட்டான் நடிகன். தட்டின கை அத்தனையும் அவனுக்கு.

திரும்பி வரும்போது பஸ் முழுக்க அவன் புராணம்தான். என்னமா நடிச்சிருக்கான், அந்தக் கை ஒண்ணு போதுமே என்று எல்லாருக்கும் அந்த ஒரே பேச்சு. எனக்குப் பொறுக்கவில்லை. மலை ஏறத் தொடங்கியதும் மனைவி கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பய நெசமாவே கையை விடாமப் பிடிச்சிருந்தானா? இல்ல, சினிமாவுக்குச் செஞ்சதா?"

சினிமாவுக்குச் செய்தது என்று சொன்னால், படத்தின் உயிரே நடிகனுடையதாகிவிடும். அதை எப்படி விடுவேன்?

"அவன் எங்க செஞ்சான்? அது என் கையில இருந்து எடுத்தது. அந்தப் பய அப்படித்தான் பிடிச்சிருந்தான். இந்தக் கையை!" பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கும்படி வலது கையைத் தூக்கிக் காட்டினேன். "நான் இல்லாட்டி அந்தக் கைதட்டு ஏது?"

எல்லாரும் திரும்பினார்கள். நான் தூக்கிய கையையே என் மனைவி பார்த்தாள்.

"அப்ப, நீங்களும் அப்படித்தான் உருவிக்கிட்டீங்களா?"

"பின்ன? போலீசுக்கு ஆள் அனுப்ப வேணாமா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒவ்வொரு வளைவிலும் பஸ் சாயும்போது வழக்கமாக என் கையைப் பிடித்துக்கொள்பவள், குமுளி வரும்வரை முன்சீட்டுக் கம்பியையே பிடித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் எங்கள் அடுக்களைச் சுவரில் அந்த நடிகனின் படம் போட்ட காலண்டர் ஒன்று தொங்கியது. தாடியோடு இருக்கும் படம். எங்கே வாங்கினாய் என்று நான் கேட்கவில்லை. வருடம் முடிந்து தாள் எல்லாம் கிழித்த பிறகும் அந்த அட்டையை அவள் கழற்றவில்லை. கொலைகாரனைப் பிடித்த முதலாளி நான், அவன் முகத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் தினமும் சோறு தின்றேன்.