நாச்சிமுத்து மேடையேறிய நாடகம்

நாமக்கல்லில் தமிழ் வாத்தியாராக இருக்கும் சரவணமுத்து, பள்ளிக்கூடத்தில் நாடகம் என்றால் லீவு போட்டுவிடுவான். காரணம் எனக்குத் தெரியும். அதில் எனக்கும் பங்கு உண்டு.

1938இல் நாங்கள் இருவரும் சேலத்தில் இண்டர்மீடியட் படித்தோம். ருஷ்ய நாடக மேடையைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று நூலகத்தில் அவன் கையில் சிக்கியது. அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று. அந்த ஊர் நடிகர்கள் மேடையில் பாட மாட்டார்களாம். சபையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்களாம். எதிரே ஆளே இல்லை, சுவர்தான் என்று நினைத்து நடிக்க வேண்டுமாம்.

அகராதியும் கையுமாக உட்கார்ந்து ஒரு ருஷ்ய நாடகத்தைத் தமிழாக்கினான். ஒரு பண்ணையார், அவரிடம் முறையிட வரும் குடியானவர்கள், கதை அவ்வளவுதான். ஆர்மோனியம் கூடாது, ‘ஒன்ஸ்மோர்’ கேட்டாலும் திரும்பக் கூடாது என்று இரண்டு மாதம் எங்கள் உயிரை வாங்கினான். பண்ணையார் வேஷம் அவனுக்கு. திரை இழுக்கும் உத்தியோகம் எனக்கு.

கல்லூரி விழாவுக்கு வெண்ணந்தூரிலிருந்து அவன் அப்பா நாச்சிமுத்து வந்துவிட்டார். தறி நெய்கிறவர். மகன் அழைக்கவில்லை, யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு வந்தார்.

அவர் ஊர்க் கூத்தில், நன்றாக நடிப்பவனுக்கு உறவுக்காரர்கள் நடுக்காட்சியிலேயே மேடையேறித் துணி போர்த்துவார்கள். அவன் ஆட்டத்தை நிறுத்திக் கும்பிடுவான். பெற்ற தகப்பன் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தால்தான் அங்கே அவமானம்.

இரண்டாம் காட்சியில் பண்ணையார் சீறிக்கொண்டிருந்தபோது, நாச்சிமுத்து தான் நெய்த வேட்டியை இரு கையிலும் ஏந்திப் படியேறினார். “கொஞ்சம் குனி சாமி” என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

முன்வரிசையில் பேராசிரியர்கள். சரவணமுத்துவின் முகம் வெளிறியது. ஒரு நொடிதான். பிறகு பண்ணையாரின் குரலிலேயே, “யாரடா இந்தக் கிழவன்? வெளியே தள்ளுங்கள்!” என்றான்.

ஏவலாள் வேஷம் போட்ட இரண்டு பாவிகள் தள்ளியே விட்டார்கள். வேட்டி கீழே விழுந்தது. இதுவும் நாடகம் என்று நினைத்துச் சபை கைதட்டியது. கயிறு என் கையில்தான் இருந்தது, திரையை இழுத்திருக்கலாம். நாடகம் கெட்டுவிடுமே என்று நின்றேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

முடிந்ததும் தேடினோம். அவர் போய்விட்டிருந்தார். நாடகத்துக்குக் கிடைத்த பரிசுக் கோப்பையை என்னிடம் திணித்துவிட்டு அவன் தேம்பித் தேம்பி அழுதான்.

மறுநாள் மன்னிப்புக் கேட்க வெண்ணந்தூருக்குப் பஸ் ஏறினான். துணைக்கு நானும் போனேன். வீட்டு வாசலில் தறிக்காரர்கள் கூடியிருக்க, நாச்சிமுத்து பேசிக்கொண்டிருந்தார்.

“நடிப்புன்னா அதுதானுங்க. பெத்த அப்பன் எதுக்கால நிக்கறேன், பையனுக்கு என்னைத் தெரியவே இல்லீங்க!”

எங்களைக் கண்டதும் அவர் சிரிப்பு நின்றது.

“வா சாமி. நீயே சொல்லு. நெசமாலுமே தெரியலீல்ல?”

கேட்டுவிட்டு மகன் முகத்தையே பார்த்தார். அத்தனை பேர் நடுவில் அவருடைய மானம் இவன் வாயில் இருந்தது. கேட்க வந்த மன்னிப்பை விழுங்கிக்கொண்டு சரவணமுத்து தலையைக் குனிந்தான்.

“தெரியலீங்கப்பா” என்றான்.