ஆறு ஃபேன்களையும் அணைத்தேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு இது நடந்தது. புதுச்சேரியில் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பிரெஞ்சுக்காரர் காலத்துக் கூடம் ஒன்று. கூரை அவ்வளவு உயரம், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நெல்லித்தோப்பில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். சைக்கிள் கேரியரில் ஒரே ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் அலைந்தவன். இன்று இரண்டு வண்டி, எட்டு ஆட்கள். தேர்த் திருவிழாவா, மாதா கோயில் கொடியேற்றமா, கட்சிப் பொதுக்கூட்டமா, என் பெட்டிகள்தான் போய் நிற்கும். இத்தனை வருடத்தில் என் மைக் ஒரு தடவைகூடக் கீச்சென்று கத்தியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். யாரும் தூக்கிவிடாமல் தானாக மேலே வந்தவன், தன்னைப் பற்றித் தானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

என் தொழிலின் ரகசியம் என் வலது கை. மேடையில் பேசுகிறவர் மைக்கை விட்டு முகத்தைத் திருப்புவார், திடீரென்று கத்துவார், தண்ணீர் குடித்துவிட்டு முனகுவார். என் கை வால்யூம் குமிழை விட்டு நகராது. குரல் தாழ்ந்தால் ஏற்றுவேன், எகிறினால் இறக்குவேன். கடைசி வரிசையில் வேர்க்கடலை கொறிப்பவனுக்கும் முன்வரிசைப் பிரமுகருக்கும் ஒரே சீராகக் கேட்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சத்தத்தோடே வாழ்ந்து பழகியதால், மெதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். என் மனைவிக்கு மெல்லிய குரல். "இன்னா முணுமுணுக்கற? சத்தமாச் சொல்லு" என்பேன். அவள் பாதியில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார் ஒருவர் போன் செய்தார். மாதம் ஒரு முறை அவர்கள் கூடி ஓபரா பார்க்கிறார்களாம். வெளிநாட்டுத் தியேட்டரில் நடப்பதைப் படம் பிடித்ததையோ, சில சமயம் நேரடி ஒளிபரப்பையோ பெரிய திரையில் போடுவார்களாம். அவர்களுடைய ஸ்பீக்கர் புகைந்துவிட்டது. "ஓபரான்னா இன்னா சார்?" என்றேன். "நாடகம்தான். ஆனா பேசறதுக்குப் பதிலாப் பாடுவாங்க" என்றார். தெருக்கூத்துக்கு விடிய விடிய மைக் கட்டியவனுக்கு இது ஒரு பெரிய விஷயமா! ஆட்கள் எல்லாரும் உப்பளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் நானே போனேன்.

போய்ப் பார்த்தால் முப்பது பேர்கூட இல்லை. மைதானம் நிறைந்த கூட்டத்துக்குக் குரல் கொடுத்தவன் நான். சிரிப்புதான் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படிப்பட்ட குடும்பங்களின் பெரியவர்கள் சிலர், கல்லூரிப் பெண்கள் நான்கைந்து பேர், அத்தர் கடை வைத்திருக்கும் ஒரு பாய். கூடத்தில் ஏசி கிடையாது. வெக்கையைப் பார்த்துவிட்டு, வண்டியில் இருந்த ஆறு ஸ்டாண்டு ஃபேன்களையும் நானாகவே இறக்கி வைத்தேன். பாய் ஒரு ஃபேனுக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நூறு வருசம் நல்லா இருப்பீங்க" என்றார். நான் கை வைத்தால் எதுவுமே குறையாக இருக்காது என்பது என் எண்ணம்.

வாத்தியார் கதையைத் தமிழில் சொன்னார். அந்த ஓபராவின் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. கதை மட்டும் மறக்கவில்லை. ஒரு துறைமுக ஊர். ஒரு பெண்ணும் ஒரு மாலுமியும். இடைவேளைக்கு முன்பு அவள் வீட்டைவிட்டு வருகிறாள். இடைவேளைக்குப் பின்பு அவன் படகேறிப் போய்விடுகிறான்.

படம் ஓடியது. சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெண்ணுக்கு என்ன குரல்! மைக்கே இல்லாமல் பாடுகிறார்கள் என்று வாத்தியார் சொன்னபோது என்னால் நம்பவே முடியவில்லை. ஆனால் அவளிடம் ஒரு கோளாறு இருந்தது. ஒரு சமயம் இடி மாதிரி பாடினாள், ஒரு சமயம் மூச்சு விடுவது போலப் பாடினாள். படிக்கட்டில் ஏறி மேடையின் பின்பக்கம் போனபோது குரல் சுத்தமாக இறங்கிவிட்டது. விடுவேனா? அவள் இறங்க இறங்க நான் ஏற்றினேன். அவள் வீறிட்டபோது இறக்கினேன். ஒரு மணி நேரம், வழித்துவிட்ட சிமெண்டுத் தரை மாதிரி ஒரே சமமாகக் கேட்டது.

முன்வரிசையில் எண்பதைத் தாண்டிய ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரை மதாம் என்று அழைத்தார்கள். அவர் திரையையே பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, நாற்காலிக் கையின்மேல் ஆள்காட்டி விரலை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தார். தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். விரல் பாட்டோடு ஒட்டவே இல்லை. கொஞ்சம் முன்னால் போகும், சட்டென்று நிற்கும், பின்னால் வந்துவிடும். தாளம் தெரியாதவருக்கு முன்வரிசை எதற்கு என்று மனதுக்குள் ஒரு நக்கல் வேறு.

இடைவேளையில் டீயும் மசால் வடையும் வந்தன. அந்த அம்மா வாத்தியாரைப் பிரெஞ்சு மரியாதையில் கூப்பிட்டார்.

"மிசியே, இன்னைக்கு மிசின்ல யாரு?"

பாராட்டு வருகிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றேன். "நான்தாம்மா."

"ஏம்பா, அந்தப் பொண்ணு கடைசியா எங்க நின்னுகினு பாடினா?"

"ஸ்கிரீன்லதாம்மா."

கல்லூரிப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"ஸ்கிரீன்ல முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி. படியேறி மேல போயிட்டா."

"அப்புறம் ஏன் என் மடியில உக்காந்து பாடினா மாதிரி கேட்டுது?"

"சத்தம் எறங்கிடுச்சும்மா. நான்தான் ஏத்தி வச்சேன்."

"போறவளைப் போவ விடாம நீ ஏம்பா புடிச்சு இழுக்கற?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை பேர் முன்னால், அதுவும் இலவசமாக ஃபேன் போட்டவனைப் பார்த்து! என் நாக்கு என்னைக் கேட்டுக்கொண்டா பேசும்?

"நாப்பது வருசமா இதே வேலைதாம்மா செய்யறேன். ஸ்கிரீனைப் பாத்திருந்தா அவ எங்க நின்னான்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். கண்ணை மூடிக்கினு இருந்துட்டு என்னைக் குத்தம் சொன்னா?"

பாய் கடித்த வடையை மெல்லாமல் வைத்திருந்தார். வாத்தியார் என் முழங்கையைப் பிடித்து, தாழ்ந்த குரலில், "மதாமுக்கு ஏழு வருசமா பார்வை இல்ல. சர்க்கரை வியாதி" என்றார்.

முதன்முறையாக அவர் கண்களை நேராகப் பார்த்தேன். அந்த அம்மாதான் முதலில் சிரித்தார்.

"பாக்க முடிஞ்சா நான் ஏம்பா உன்னைக் கேக்கப் போறேன்? உக்காரு."

உட்கார்ந்தேன். அவர் கணவர் சொல்தாவாம். கல்யாணமான புதிதில் பிரான்சில் ஒரு குளிர் ஊரில் இருந்திருக்கிறார்கள். ஓபராவுக்குப் போனால் ஆக உச்சியில் இருக்கும் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால்தான் இடம் கிடைக்குமாம். மேடை தெரியாது. குரலை மட்டும் வைத்து, பாடுகிறவர் இப்போது கதவுப் பக்கம் நிற்கிறாரா, ஜன்னல் பக்கம் போய்விட்டாரா என்று இருவரும் விரலால் காட்டிப் பந்தயம் கட்டுவார்களாம். தோற்றவர் இரவு பாத்திரம் கழுவ வேண்டும். "அவருதான் எப்பவும் கழுவுவாரு" என்றார். ஊர் திரும்பிய பிறகு, கணவர் இருந்தவரை வானொலியில் இருவருமாகக் கேட்டார்களாம். இப்போது இந்தக் கூட்டம்.

"மாசத்துல இந்த ஒரு நாள்தாம்பா எனக்குக் கண்ணு தெரியுது. அதுல நீ கை வச்சிட்ட. இப்ப அந்தப் படகு போவும். ரெண்டு மாசமா மிசியேகிட்ட கேட்டு வாங்கின படம் இது. அது போற வரைக்கும் நான் பாக்கணும். உன் கையைக் கொஞ்சம் சும்மா வச்சிரு."

அப்போதுதான் புரிந்தது, அந்த விரல் தாளம் போடவில்லை. அது பாடுகிறவளின் பின்னாலேயே நடந்திருக்கிறது. அவள் தள்ளிப் போகும்போதெல்லாம் நான் கிட்டே இழுத்துவந்து போட்டிருக்கிறேன். சிமெண்டுத் தரை மாதிரி சமமாக்கினேன் என்று சொன்னேனே, படியும் கதவும் ஜன்னலுமாக இருந்த வீட்டை இடித்துத்தான் அந்தத் தரையைப் போட்டிருக்கிறேன்.

இடைவேளை முடிந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நம்புங்கள், என் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலைகளில் அது ஒன்று. கொடிக்கம்பத்தின் உச்சியில் ஏறி ஸ்பீக்கர் கட்டுவது அதைவிட எளிது.

படகுக் கட்டம் வந்தது. அவள் கரையில் நிற்கிறாள். அவன் படகில் ஏறிப் பாடிக்கொண்டே போகிறான். குரல் இறங்க ஆரம்பித்தது. இறங்கி இறங்கி, திடீரென்று காணாமல் போனது. மதாமின் விரல் பாதி வழியில் நின்று, அங்கேயே தடவித் தடவித் தேடியது. பின்வரிசையில் சிலர் கழுத்தை நீட்டினார்கள். என் வலது கை தானாக எழுந்து குமிழ்வரை போய்விட்டது.

ஏன் கேட்கவில்லை? பெட்டி சரியாக இருக்கிறது, படம் ஓடுகிறது. கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு காதைத் தீட்டினேன். உய்ங் என்று ஒரு சத்தம். எங்கும் அதே சத்தம். என்னுடைய ஆறு ஃபேன்கள்! முதல் பாதியிலும் அந்த இரைச்சலை ஜெயிக்கத்தான் நான் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

எழுந்தேன். ஒவ்வொரு ஃபேனாக ஓடிப் போய் அணைத்தேன். பாய் திரும்பி, "யோவ், காத்தை ஏன்யா நிறுத்தற?" என்று கேட்டே விட்டார். மதாம் திரும்பாமலே இடது கையை உயர்த்தினார். பாய் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அடங்கினார். ஆறாவது ஃபேனின் இறக்கை சுற்றி நின்றபோது கூடம் கிணறு மாதிரி ஆனது.

அங்கே இருந்தான் அவன். காணாமல் போகவில்லை. நூல் மாதிரி மெலிந்து, இன்னும் பாடிக்கொண்டிருந்தான். மதாமின் விரல் அவனைப் பிடித்துக்கொண்டது. மெல்ல முன்னால் நகர்ந்தது. நாற்காலிக் கை முடிந்தது. விரல் நிற்கவில்லை, காற்றில் போனது. முழங்கை நீண்டது, தோள் நீண்டது, உடம்பே முன்னால் சாய்ந்தது. நான் திரையைப் பார்த்தேன். அங்கே படகு இல்லை, அவனும் இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கண் உள்ள நாங்கள் எல்லாரும் அவள் முகத்தைத்தான் பார்த்தோம். அவன் எவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்பதைக் கண் தெரியாதவரின் விரல் ஒன்றுதான் காட்டிக்கொண்டிருந்தது.

நானும் கண்ணை மூடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் படகு தெரிந்தது. சின்னதாகிக்கொண்டே போய், புள்ளியாகி, அப்புறம் வெறும் தண்ணீர்.

குரல் நின்ற பிறகும் அவர் கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது. பிறகு மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். வியர்வை எல்லோர் சட்டையையும் நனைத்திருந்தது. ஒருவரும் ஃபேனைப் போடச் சொல்லவில்லை.

படம் முடிந்து கிளம்பும்போது, வாத்தியாரின் தோளைப் பிடித்தபடி என் வால்யூம் பெட்டி இருந்த மேசைக்கு வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"போயிட்டாம்பா. நல்லபடியா போயிட்டான். அடுத்த மாசமும் நீயே வா."

போனேன். அன்றிலிருந்து ஒரு மாதம்கூடத் தவறவில்லை. எவ்வளவு பெரிய திருவிழா இருந்தாலும் அதற்கு ஆட்களை அனுப்பிவிட்டு இதற்கு நான்தான் போவேன். பங்குனியிலிருந்து ஆனி வரை நேரத்தைக் காலை ஒன்பதுக்கு மாற்றச் சொன்னது என் யோசனை. ஃபேன் தேவைப்படுவதில்லை. மதாம் இன்னும் வருகிறார். உட்கார்ந்ததும் "மிசின்ல யாரு?" என்பார். "நான்தாம்மா" என்பேன். "அப்ப சரி" என்பார். பெரிய பெரிய தலைவர்கள் எனக்குப் போர்த்திய சால்வைகள் பீரோவில் இருக்கின்றன. அவற்றையெல்லாம் விட அந்த "அப்ப சரி" எனக்கு ஒரு படி மேல். பொதுக்கூட்டத்தில் என் கை இன்னும் குமிழின்மேல்தான் இருக்கிறது, அது வேறு தொழில். ஆனால் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பதிலும் இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று இப்போது தைரியமாகச் சொல்வேன்.

வீட்டிலும் ஒரு மாற்றம். அந்த வாரமே ஒரு நாள், சாப்பிடும்போது என் மனைவி ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லு" என்று வாய்வரை வந்துவிட்டது. எழுந்து போய் டிவியை நிறுத்தினேன், ஃபேனையும் அணைத்தேன். "இன்னா, காத்து வேணாமா உனக்கு?" என்று அவள் திகைத்துப் பார்த்தாள். "நீ சொல்லு" என்றேன். அன்று அவள் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னாள். ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

எதிரில் இருப்பவரின் குரல் எட்டாதபோது அவரைக் கத்தச் சொல்வதைவிட, என் பக்கத்தில் ஓடிக்கொண்டிருப்பதை எழுந்து போய் அணைக்க வேண்டும் என்பது எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது; காற்றில் நீண்டிருந்த அந்த விரலை நினைக்காமல் இன்றுவரை நான் எந்த ஃபேனையும் அணைத்ததில்லை.